பானெட்டுக்கு அடியில் எட்டு சிலிண்டர்

(சென்னையில் பழைய கார் ஆர்வலர்களும் இயந்திரப் பொறியியல் மாணவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு காரில் அதற்கென்று செய்யாத பெரிய எஞ்சினைத் தூக்கி வைப்பது பாவமா, புண்ணியமா? பழைய கார்க்காரர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். காபி ஆறிப்போகும், விவாதம் ஆறாது. அதிலும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்று வந்துவிட்டால் சண்டை இரண்டு மடங்கு. எம்ஜி, சன்பீம், ஏசி, மார்கன், ட்ரையம்ஃப் என்று ஒவ்வொன்றுக்கும் பக்தர் கூட்டம் உண்டு. 'தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும்' என்பார்கள் அவர்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை குதிரைசக்தி என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்த எஞ்சின் எத்தனை கிலோ, அந்த எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் முதல் கேள்வி. இந்த முதல் கேள்வியைக் கேட்டவர்கள் ஜெயித்தார்கள். கேட்காதவர்களில் பெரிய கம்பெனிகளே உண்டு.

முதலில், அந்தக் கார்களில் எஞ்சின் ஏன் சிறியதாக இருந்தது என்று பார்த்துவிடுவோம். லேசான உடம்பு, சின்ன எஞ்சின், வளைவில் நல்ல பிடி என்பது ஏதோ ஆங்கிலேயரின் அழகியல் கொள்கை என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன எஞ்சின் வந்தது வரி அலுவலகத்திலிருந்து. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். வருகிற எண்தான் வரிக்கான குதிரைசக்தி. 1921 முதல் ஒரு குதிரைக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்ட வேண்டும். இந்தக் கணக்கில் பிஸ்டன் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு இடமே இல்லை. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? விட்டத்தைக் குறுக்கி, உயரத்தை நீட்டினான். ஒல்லியான, நெட்டையான, மெதுவாகச் சுற்றுகிற எஞ்சின்கள் ஒரு தலைமுறைக்கு அந்த நாட்டை ஆண்டன. 1940-களின் இறுதியில் அந்த வரி முறை போய்விட்டது. ஆனால் வார்ப்பு அச்சும் கடைசல் இயந்திரமும் சட்டம் மாறிய மறுநாள் மாறிவிடுமா?

நமக்குத் தெரிந்த ஒரு எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிஎம்சி கம்பெனியின் பி வரிசையைச் சேர்ந்தது. அதன் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 88.9 மில்லிமீட்டர். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி எஞ்சினும் அதே குடும்பம்தான். அதிலும் பிஸ்டன் ஓட்டம் அதே 88.9, விட்டத்தை மட்டும் 80 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே கடைந்து அகலமாக்கினார்கள். அதற்கு மேல் கடைய சுவரில் இரும்பு மிச்சமில்லை. ஆகவே கூடுதல் சக்தி வேண்டுமென்றால் வேறு எஞ்சின்தான். நம் ஊர் மெக்கானிக்குக்கு அம்பாசடர் எஞ்சின் அத்துப்படி என்றால் எம்ஜிபி எஞ்சினும் பாதி அத்துப்படி. இதை அங்கேயுள்ள எம்ஜி பக்தர்களிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அது வேறு விஷயம்.

அமெரிக்காவில் அவ்வளவு பாரமான வரி இல்லை, பெட்ரோலும் மலிவு. 1932-லேயே ஃபோர்டு சாமானியன் வாங்கும் விலையில் வி8 எஞ்சினைக் கொடுத்துவிட்டது. இரண்டு நாடுகளையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் தெற்கு லண்டனின் சிட்னி அலார்டு. போருக்குப் பிறகு அவர் செய்த ஜே2 கார்கள் பலவும் எஞ்சினே இல்லாமல் கப்பலேறின. கடல் தாண்டிப் போனதும் வாங்கியவர் தமக்குப் பிடித்த அமெரிக்க வி8 எஞ்சினை வைத்துக்கொள்வார். 1950 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கேடிலாக் எஞ்சின் வைத்த அலார்டு மூன்றாவதாக வந்தது. ஓட்டியவர்களில் ஒருவர் அலார்டேதான். அந்த மாதிரி கேடிலாக்-அலார்டை 1950-களின் தொடக்கத்தில் டெக்சாஸில் ஒருவர் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் கரோல் ஷெல்பி.

ஷெல்பியின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு காலத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர், 1959-ல் ஆஸ்டன் மார்ட்டினில் லெ மான் ஜெயித்தவர், இதய நோயால் பந்தயத்தை விட்டவர். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டனில் ஏசி என்ற சின்னக் கம்பெனி ஏஸ் என்ற அழகான காரைச் செய்துகொண்டிருந்தது. அதன் சொந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் 1919-ல் பிறந்தது. பிறகு பிரிஸ்டல் கம்பெனியிடம் இரண்டு லிட்டர் எஞ்சினை வாங்கி வைத்தார்கள். 1961-ல் பிரிஸ்டல் அதையும் நிறுத்தப்போகிறது என்றதும் கார் அநாதையாகிவிட்டது. ஷெல்பி கடிதம் எழுதினார். அதே வேளையில் ஃபோர்டு, மெல்லிய சுவர் வார்ப்பு முறையில் ஒரு புதிய சிறிய வி8 எஞ்சினைச் செய்திருந்தது. 1962-ல் முதல் கோப்ரா கலிபோர்னியாவில் ஒரு பட்டறையில் உருவானது: 4.2 லிட்டர், எட்டு சிலிண்டர்.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்த ஃபோர்டு எஞ்சின் கொள்ளளவில் பிரிஸ்டலைப் போல இரண்டு மடங்கு. எடையில் கொஞ்சம்தான் கூடுதல். அதனால்தான் முன்பக்கம் அமுங்கவில்லை, காரின் குணம் கெடவில்லை. மாற்ற வேண்டியிருந்தது பின்பக்கம். பழைய டிஃபரன்ஷியல் இந்த முறுக்குவிசையைத் தாங்காது என்று ஜாகுவார் கார்களில் வருகிற வலுவான சாலிஸ்பரி வகையைப் போட்டார்கள். 1965-ல் ஏழு லிட்டர் எஞ்சினை வைக்கப் போனபோது கதை வேறு. அது உண்மையிலேயே கனமான இரும்பு. பட்டை ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்து சுருள் ஸ்பிரிங் வைத்து, சேசிஸ் குழாய்களை 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்கி, ஏறத்தாழ புதிய கார் ஒன்றையே செய்ய வேண்டியிருந்தது. பலரும் அந்த ஏழு லிட்டரைத்தான் உச்சம் என்பார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முன்பு வந்த 4.7 லிட்டரோடு நிறுத்தியிருக்கலாம்.

இனி டைகர். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

ரூட்ஸ் குழுமம் சன்பீம் ஆல்பைன் என்ற காரை விற்றுக்கொண்டிருந்தது. பார்க்க லட்சணம், ஓடுவதில் மந்தம். அமெரிக்க மேற்குக் கரையில் ரூட்ஸ் விற்பனைக்குப் பொறுப்பான இயன் கேரடுக்கு, இதில் ஒரு வி8 நுழையாதா என்று ஆசை. தம் சர்வீஸ் மேலாளரை அழைத்து, கையில் ஒரு மர அளவுகோலைக் கொடுத்து, ஊரிலுள்ள ஷோரூம்களுக்கெல்லாம் அனுப்பினார். அவர் போய் ஒவ்வொரு காரின் எஞ்சினையும் அளந்துவிட்டு வந்தார். அத்தனை அமெரிக்க வி8-களிலும் அந்தச் சந்துக்குள் நுழையக்கூடியது ஃபோர்டின் சிறிய வி8 என்று தெரிந்தது. காரணத்தில் ஒன்று, அதன் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கத்தில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

மாதிரி வண்டி ஒன்றை ஷெல்பியிடம் 10,000 டாலருக்குச் செய்யச் சொன்னார்கள். அதற்குச் சில வாரம் ஆகும். பொறுமையில்லாத கேரடு, முடியுமா முடியாதா என்று உடனே தெரிந்துகொள்ள, பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸிடம் சில நூறு டாலருக்கு இன்னொன்றைச் செய்யச் சொன்னார். லெ மான் பந்தயத்தில் ஃபோர்டு-ஃபெராரி மோதலைப் பற்றிய படம் பார்த்தவர்களுக்கு மைல்ஸைத் தெரியும். முடியும் என்று ஆகிவிட்டது. 1964-ல் டைகர் சந்தைக்கு வந்தது. 164 குதிரைசக்தி, ஆல்பைனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

எப்படி நுழைத்தார்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். காரைக் கட்டும் வேலை வெஸ்ட் பிராம்விச்சிலிருந்த ஜென்சன் தொழிற்சாலைக்குக் கொடுக்கப்பட்டது. பெயின்ட் அடித்து வந்த பாடியில், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரைத் தொழிலாளி ஒருவர் சம்மட்டியால் அடித்து உள்ளே அமுக்குவார். அப்போதுதான் எஞ்சின் இறங்கும். ஸ்டியரிங் பெட்டி இடத்தை அடைத்தது என்று அதைத் தூக்கிவிட்டு ரேக் அண்ட் பினியன் வைத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் பின்கோடியிலுள்ள ஒரு ஸ்பார்க் பிளக்கைப் பானெட் பக்கமிருந்து தொட முடியாது. காருக்குள்ளே உட்கார்ந்து, கால் வைக்கும் பக்கச் சுவரிலுள்ள ஒரு சின்ன மூடியைத் திறந்து கையை விட வேண்டும். நம்மூர் மெக்கானிக்காக இருந்தால் அந்த ஒரு பிளக்குக்குத் தனிக்கூலி கேட்டிருப்பார், அதில் நியாயமும் உண்டு.

நன்றாகத்தான் விற்றது, ஏறத்தாழ ஏழாயிரம் கார்கள். ஆனால் ரூட்ஸ் கம்பெனி கிரைஸ்லர் கைக்குப் போனது. கிரைஸ்லர் முத்திரையோடு விற்கிற காரில் பரம எதிரி ஃபோர்டின் எஞ்சினா? தங்கள் சொந்த வி8-ஐ வைக்கப் பார்த்தார்கள். அதன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கத்தில். சுவர் இடித்தது. 1967-ல் டைகர் செத்தது.

இன்றைக்கு ஒரு வேடிக்கை. சாதாரண ஆல்பைனில் ஃபோர்டு வி8-ஐ வைத்து டைகர் என்று ஏமாற்றி விற்பவர்கள் உண்டு. அதனால் அசல் டைகரா என்று உடம்பைத் தடவிப் பார்த்துச் சான்று தருவதற்கு உரிமையாளர் சங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். எஞ்சின் மாற்றத்தால் பிறந்த காருக்கே கலப்படமில்லாத அசல் என்ற பட்டம் தேவைப்படுகிறது! தொழிற்சாலையில் சம்மட்டி அடித்தால் வரலாறு, வீட்டு ஷெட்டில் அடித்தால் குற்றம். இந்த வழக்கில் நான் ஷெட்டுக்காரர் பக்கம். பொய் சொல்லி விற்காத வரைக்கும்.

பிரிட்டனுக்கென்று ஒரு வி8 வந்த கதையும் இதே அமெரிக்க வாசல் வழியாகத்தான். பியூக் கம்பெனி 1961-ல் 3.5 லிட்டர் அலுமினிய வி8 ஒன்றைக் கொண்டுவந்தது. எடை ஏறத்தாழ 145 கிலோ. வார்ப்பதில் கழிவு அதிகம், செலவு கட்டுப்படியாகவில்லை என்று மூன்றே ஆண்டில் கைவிட்டது. ரோவர் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் வேறு வேலையாக விஸ்கான்சினில் படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி மரைன் பட்டறைக்குப் போனார். அங்கே படகில் பொருத்துவதற்காகக் கிடந்த இந்த எஞ்சினைப் பார்த்தார். அளந்தார். பேசினார். 1965-ல் உரிமை ரோவர் கைக்கு வந்தது. ஓய்வுபெறும் வயதிலிருந்த அதன் அமெரிக்க வடிவமைப்பாளரையும் இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டார்கள். அமெரிக்கா வேண்டாம் என்று தள்ளிய எஞ்சின் 1967-ல் ரோவர் காரில், 1968-ல் மார்கன் பிளஸ் 8-ல், 1970-ல் ரேஞ்ச் ரோவரில் என்று போய், இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் உற்பத்தியில் இருந்தது. சொல்லப்போனால் அதே எஞ்சினின் ஓல்ட்ஸ்மொபீல் உடன்பிறப்பு வார்ப்பை வைத்துத்தான் ஆஸ்திரேலியாவின் ரெப்கோ செய்த பந்தய எஞ்சினில் ஜாக் பிரபாம் 1966 ஃபார்முலா 1 பட்டம் வென்றார்.

இப்போது எம்ஜிபி. என் வாதத்துக்குச் சாட்சி இந்தக் கார்தான். ஒரே காரில் இரண்டு பெரிய எஞ்சின்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், இரண்டும் தொழிற்சாலையே செய்தது.

முதலாவது 1967-ல் வந்த எம்ஜிசி. 2912 சிசி, ஆறு சிலிண்டர், வரிசையாக நிற்கும் வார்ப்பிரும்பு எஞ்சின், 145 குதிரைசக்தி. நான்கு சிலிண்டரைவிட ஏறத்தாழ 95 கிலோ கூடுதல், அத்தனையும் முன்பக்கத்தில். ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் எஞ்சின் நீளம். மூக்கு வரை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. உயரமும் அதிகம் என்பதால் பானெட்டில் புடைப்பு வேண்டியிருந்தது. இடமில்லாமல் முன் சஸ்பென்ஷனையே மாற்றி டார்ஷன் பார் வைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்ப யோசிக்கிறது என்று எழுதினார்கள். நீண்ட நெடுஞ்சாலையில் சொகுசாகப் போகும், வளைவில் முரண்டுபிடிக்கும். 1969-ல் நிறுத்திவிட்டார்கள். விற்றது சுமார் ஒன்பதாயிரம்.

இரண்டாவது கதை தொழிற்சாலையில் தொடங்கவில்லை. கென்ட் மாவட்டத்தில் பட்டறை வைத்திருந்த கென் காஸ்டெல்லோ என்ற பந்தயக்காரர், 1970 வாக்கில் எம்ஜிபி-யில் ரோவர் வி8-ஐ வைத்து விற்க ஆரம்பித்தார். அலுமினியம் என்பதால் எட்டு சிலிண்டர் எஞ்சின் எடையில் பழைய நாலு சிலிண்டர் இரும்புக்கு ஏறத்தாழ சமம். வி வடிவம் என்பதால் நீளமும் குறைவு. பின்னால் தள்ளி உட்கார வைக்கலாம். அதனால் எம்ஜிபி-யின் நடை மாறவில்லை, பின்னாலிருந்து தள்ளும் பலம் மட்டும் ஏறிவிட்டது. எம்ஜியின் தாய்க் கம்பெனியான பிரிட்டிஷ் லேலண்டின் மேலிடம் அவர் காரை வரவழைத்துப் பார்த்தது. பிறகு 1973-ல் தானே எம்ஜிபி ஜிடி வி8 என்று கொண்டுவந்தது.

காஸ்டெல்லோ கார்களில் கார்புரேட்டர் மேலே நின்றதால் பானெட்டில் புடைப்பு இருந்தது. எம்ஜியின் அபிங்டன் தொழிற்சாலை ஆட்கள் புதிய மேனிஃபோல்டு ஒன்றைச் செய்து கார்புரேட்டர்களை எஞ்சினுக்குப் பின்னால், தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண எம்ஜிபி-க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. இதைத்தான் நான் கெட்டிக்கார வேலை என்பேன். பின் ஆக்ஸில் விகிதம் 3.9-லிருந்து 3.07 ஆனது, அதாவது ஒரே வேகத்தில் எஞ்சின் மிக நிதானமாகச் சுற்றும். கியர்பாக்ஸ்தான் பலவீனம். முறுக்குவிசைக்குப் பயந்து ஓவர்டிரைவை மேல் கியரில் மட்டும் வேலை செய்யும்படி விட்டார்கள். சக்தி எவ்வளவு தெரியுமா? 137 குதிரை. தோற்ற எம்ஜிசி-யைவிட எட்டு குறைவு! குதிரை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவது.

ஆனாலும் 2,591 கார்களோடு அதுவும் நின்றது. வந்த ஆண்டே பெட்ரோல் நெருக்கடி, விலையும் அதிகம், அமெரிக்காவுக்கு அனுப்பவே இல்லை. வி8 விரும்பும் நாட்டுக்கு வி8 காரை அனுப்பாத கம்பெனியை என்னவென்று சொல்வது?

எம்ஜிபி-யில் வி8 வைக்கும் வேலையை அமெரிக்காவில் தனியாட்கள் எடுத்துக்கொண்டார்கள். எம்ஜிபி மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். அதில் ஒன்றை வெட்டி ஒட்டினால் வரலாறு நஷ்டப்படாது. மாணவர்களுக்காக, அதில் உண்மையான தலைவலி எங்கே என்று மட்டும் சொல்கிறேன். எஞ்சின் இறங்கிவிடும், புகைக்குழாய்தான் இறங்காது. வி8-க்கு இரண்டு பக்கமும் புகை வெளியேற வேண்டும். ஒரு பக்கத்தில் ஸ்டியரிங் தண்டு குறுக்கே வருகிறது. எஞ்சினை ஒட்டியே குழாயை வளைத்தால் மூச்சுத் திணறும், சூடும் உள்ளேயே தங்கும். 1993-ல் ரோவர் குழுமம் எம்ஜி ஆர்வி8 என்று பழைய காருக்கு மறுபிறவி கொடுத்தபோது, சக்கரத்துக்கு மேலுள்ள உள்தகட்டில் ஓட்டை போட்டுக் குழாயை அந்த வழியே வெளியே எடுத்துக் கீழே இறக்கினார்கள். அதைப் பார்த்த பிறகு ஷெட்டுக்காரர்கள் எல்லோரும் ஹோல் சா எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடுத்தது குளிர்விப்பு. ரேடியேட்டரின் முகப்பு அளவு மாறாமல் சக்தியை மட்டும் ஏற்றினால் ஓடும்போது பிரச்சினை இல்லை, சிக்னலில் நிற்கும்போதுதான் முள் ஏறும். எம்ஜியே இரண்டு மின்விசிறி வைத்தது அதற்குத்தான். பிரேக், கிளட்ச் பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை; அதை மறந்தவரைச் சாலையே பார்த்துக்கொள்ளும்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரையம்ஃப் ஸ்டாக் 1970-ல் தன் சொந்த மூன்று லிட்டர் வி8-ஓடு வந்தது. அது சூடேறிச் சூடேறி கம்பெனி பெயரையே கெடுத்தது. வாங்கியவர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டு ரோவர் வி8-ஐ மாட்டினார்கள். பிறகு அந்தச் சூட்டுக்கான காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன, மருந்தும் கிடைத்தது. இன்றைக்கு ஸ்டாக் தேடுகிறவர்கள் அசல் எஞ்சின் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவசரப்பட்டு எடைக்குப் போட்டவர்கள் கையைப் பிசைகிறார்கள். ஆகவே கழற்றிய எஞ்சினை எண்ணெய் தடவி ஓரமாக வையுங்கள், விற்றுவிடாதீர்கள்.

நம் ஊர்க்கதையும் ஒன்று இருக்கிறது, தலைகீழாக. 1976-ல் ரோவர் எஸ்டி1 என்ற அருமையான வடிவுள்ள பெரிய கார் இங்கிலாந்தில் வந்தது. உள்ளே இதே 3.5 லிட்டர் அலுமினிய வி8. 1985-ல் அதே உடம்பை நம் வண்டலூர் ஸ்டாண்டர்டு தொழிற்சாலை ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் செய்தது. எஞ்சின்? 1940-களில் வேன்கார்டு காருக்காகப் பிறந்த எஞ்சினின் வழிவந்த 1991 சிசி நாலு சிலிண்டர். வி8-இன் சக்தியில் ஏறத்தாழ பாதி. வெளியே விமானம், உள்ளே டிராக்டர் என்று அன்றைக்குக் கிண்டல் செய்தவர்கள் ஒன்றை மறந்தார்கள். அந்தப் பழைய எஞ்சினின் குடும்பம்தான் 1950-களில் ட்ரையம்ஃப் டிஆர்2, டிஆர்3 ஸ்போர்ட்ஸ் கார்களிலும் மார்கன் பிளஸ் 4-லும் பந்தயம் ஓடியது. எஞ்சின் கெட்டதில்லை, காரும் கெட்டதில்லை, ஜோடிதான் பொருந்தவில்லை. 1988-ல் அது நின்றது.

கடைசியாக மின்மோட்டார். இப்போது பழைய பிரிட்டிஷ் கார்களில் வைக்கப்படுகிற புதிய 'பெரிய எஞ்சின்' அதுதான். 2018 மே மாதம் இளவரசர் ஹாரியின் திருமணத்தன்று எல்லோரும் டிவியில் பார்த்த ஜாகுவார் இ-டைப் மின்சாரக் கார். அதைச் செய்தது ஜாகுவாரே. பேட்டரிப் பெட்டியைப் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினின் அதே அளவில், ஏறத்தாழ அதே எடையில் செய்து, அதே இடத்தில் வைத்தார்கள். கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் மோட்டார். எடை இடம் மாறாததால் சஸ்பென்ஷனிலும் பிரேக்கிலும் கை வைக்கவில்லை. வேண்டாம் என்றால் பழைய எஞ்சினையே திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். 1967-ல் எம்ஜிசி-யைச் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது போட்டுக் காட்டியிருக்கலாம். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, மோட்டார் வைத்த கார் வரலாற்று வாகனம் ஆகாது என்கிறது. ஓட்டும் விதம், சத்தம், வாசனை எல்லாம் போய்விட்டதே என்பது அவர்கள் கட்சி. அதில் எனக்குப் பாதி உடன்பாடு, பாதி இல்லை. முன்வரிசையில் மூன்று பேர் ஏற்கெனவே கையைத் தூக்கிவிட்டார்கள், அவர்களிடம் மைக்கைக் கொடுங்கள்.